வாட்ஸ்அப் பிசினஸ்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

சிறு வியாபாரம் செய்பவரிடம் "வெப்சைட் இருக்கா?" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். "வாட்ஸ்அப் நம்பர் குடுங்க" என்பதுதான் முதல் பேச்சு. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி அந்தப் பழக்கத்துக்காகவே செய்யப்பட்டது. விலை விசாரிப்பதிலிருந்து ஆர்டரை உறுதி செய்வது வரை பேசி முடிக்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் இதுவே சிறந்தது. ஆனால் கணக்கு வைக்கவும் ஊருக்கே அறிவிப்பு கொடுக்கவும் இதை மட்டும் நம்பினால் அடி வாங்குவீர்கள்.

தொடங்கும்போது எந்த எண்ணைக் கொடுப்பது என்பதுதான் முக்கியமான முடிவு. சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் செயலியிலும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. வீட்டு எண்ணையே கொடுத்துவிட்டால் குடும்பக் குரூப்பும் வாடிக்கையாளரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். பிறகு மனம் மாறிச் சாதாரண வாட்ஸ்அப்புக்கே திரும்பினால் உரையாடல்கள் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம். தனி எண் வாங்கிவிடுவது நல்லது. லேண்ட்லைன் எண்கூடப் போதும். சரிபார்ப்புக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் கேட்டுப் பெறலாம். சிம் என்றால் ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் வேறொருவர் கைக்குப் போனால் வியாபாரத்தின் முகவரியே போய்விடும். அன்றைக்கே இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்க பின் வைத்து, மீட்புக்கு மின்னஞ்சலும் சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் சேர்க்காமல் பின்னை மறந்தால், அதை மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டும். வியாபாரத்தில் ஒரு வாரம் பெரிய இழப்பு.

தினசரி வேலையில் அதிகம் கைகொடுப்பது விரைவுப் பதில், அதாவது அடிக்கடி அனுப்பும் செய்தியை எழுதிச் சேமித்து வைக்கும் வசதி. 50 வரை சேமிக்கலாம். உரையாடலில் '/' தட்டினால் பட்டியல் வரும். பலர் இதில் வணக்கமும் முகவரியும் மட்டும் வைக்கிறார்கள். உண்மையில் முதலில் வைக்க வேண்டியது ஆர்டர் உறுதிப் படிவம்:

பொருள்:
அளவு, எண்ணிக்கை:
மொத்தத் தொகை:
டெலிவரி நாள், முகவரி:
எல்லாம் சரியென்றால் 'சரி' என்று பதில் அனுப்புங்கள்.

வாடிக்கையாளர் பாதியை வாய்ஸ் மெசேஜில் சொல்வார், பாதியைப் படத்தில் வட்டமிட்டு அனுப்புவார், அளவை மறுநாள் மாற்றுவார். இவை எதுவும் பின்னால் தேடும்போது எளிதில் சிக்காது. படிவத்தை நிரப்பி அனுப்பி 'சரி' வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினால், "நான் சொன்னது வேற" என்ற தகராறு பெரும்பாலும் எழாது. அந்த வரிகளை அன்றன்றே நோட்டிலோ எக்செலிலோ ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று லேபிள் போடலாம் (20 வரை உண்டு). லேபிள் நினைவூட்டும், ஆனால் கூட்டல் போடாது.

முதன்மைப் போனுடன் மேலும் 4 சாதனங்களை இணைக்கலாம். அந்தப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் மற்றவை வெளியேற்றப்படும். இருவர் பதில் எழுதும் இடத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு விலை போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. செய்தியின் முடிவில் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள்.

வீட்டாரிடம் பேசும் அதே செயலி என்பதால் நள்ளிரவிலும் செய்தி வரும், உடனே பதிலும் எதிர்பார்க்கப்படும். வேலை நேரத்தைக் குறித்து, அதற்கு வெளியே தானாகப் போகும் பதிலை அமைத்து, "காலை 9 மணிக்குப் பிறகு பதில் வரும்" என்று நேரத்தோடு எழுதுங்கள். ஒரு சிக்கல்: போன் இணையத்தில் இருந்தால்தான் அந்தப் பதில் போகும். இரவில் டேட்டாவை அணைத்தால் அதுவும் நின்றுவிடும்.

பொருட்களைப் படத்தோடும் விலையோடும் காட்டும் கேட்லாக் நன்றாக இருக்கிறது. 500 பொருள் வரை சேர்க்கலாம், ஒன்றுக்கு 10 படம். ஆனால் இருப்பு குறைவது அதற்குத் தெரியாது. தீர்ந்த பொருளை நீங்களே மறைக்க வேண்டும்.

அதிக ஏமாற்றம் தருவது பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் என்று இருந்தாலும், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி சேரும். சேமிக்காதவரைப் பற்றி எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்டேட்டஸுக்கு இருபுறமும் எண் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே முதல் ஆர்டரின்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் அவர்கள் புகார் செய்வார்கள், பிளாக் செய்வார்கள். கணக்கு முடக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். ஜிபி வாட்ஸ்அப் போன்ற, வாட்ஸ்அப் நிறுவனம் வெளியிடாத போலிச் செயலிகளும் அதே ஆபத்துதான்.

பொது அறிவிப்புக்கு 2023இல் வந்த சேனல் வசதியே மேலானது. செய்தி நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. பின்தொடர்பவருக்கு உங்கள் எண் தெரியாது, அவர்களால் பதில் எழுத முடியாது, எமோஜி போடலாம். விலைப்பட்டியலுக்கு அது போதும். ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி காக்கும் முழுக் குறியாக்கம் சேனலுக்கு இல்லை. வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் போடக்கூடாது.

வதந்தி பரவும் அதே வழியில்தான் உங்கள் சலுகைப் படமும் பரவும். ஐந்து கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்ய முடியும். இந்தத் தடை தேவையானதுதான். ஆனாலும் தேதி இல்லாத சலுகைப் படம் மாதக்கணக்கில் சுற்றி, பழைய விலையோடு உங்களிடமே வரும். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், சுமார் இரண்டு நாளுக்குள் அனைவருக்கும் நீக்கலாம். ஆனால் ஃபார்வர்டு ஆன நகலை எதுவும் தொடாது. முடியும் தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் போடுங்கள். படத்தோடு எழுதும் வரி வழியில் உதிர்ந்துபோகலாம்.

பதில் எழுதப் பலர் தேவைப்படும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால், கட்டணத்தோடு வரும் ஏபிஐ தளத்துக்கு (வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைக்கும் வழி) மாறுங்கள். அங்கே வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் சுதந்திரமாகப் பதில் சொல்லலாம். அதன் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்அனுமதி பெற்ற வார்ப்புருச் செய்தி (முன்பே எழுதி வைத்த மாதிரிச் செய்தி) மட்டுமே போகும். மாறுவதற்கு முன் 'ஆர்டர் அனுப்பப்பட்டது', 'பணம் பாக்கி' ஆகிய இரண்டு வார்ப்புருக்களையாவது எழுதி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.