திறந்த ஜீப்புக்கான கழற்றும் பின்பெட்டகம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

துணிக்கூரையை மடித்துவிட்டு, கதவுகளையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதற்காகவே பலர் வாங்கும் வண்டிகளில், இறங்கி நடக்கும்போது பொருள்களை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம் இல்லை என்பது பெரிய குறை. ஜீப் ராங்ளரின் துணிக்கூரையைத் திறக்கக் கதவுச்சாவி தேவையே இல்லை. ஒரு கத்தி போதும். துணி கிழிபட்டுப் போகக் கூடாதே என்பதற்காகக் கதவைப் பூட்டாமலேயே விட்டுச் செல்லும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். இந்தக் குறையைத் தீர்க்க, வண்டியின் பின்பகுதியில் பொருத்திப் பூட்டிக்கொள்ளவும் வேண்டாதபோது எடுத்து வைக்கவும் ஏற்ற இரும்புப் பெட்டகங்கள் விற்பனைக்கு வருகின்றன. விற்பவர்கள் பெரும்பாலும் தகட்டின் கனத்தை, அதாவது தடிமனை, சொல்லியே விற்கிறார்கள். என் மதிப்பீட்டில் அது மூன்றாம் இடத்தில் வரும் கேள்வி. பெட்டகத்தைக் கழற்றும் வழி பூட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கூரை மடிந்திருக்கும்போதும் மூடி திறக்குமா என்பது இரண்டாவது.

இவ்வகையில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. பின்பகுதியின் மேல் இழுத்துப் பொருத்தும் வினைல் விரிப்பு பொருள்களை மறைக்கும், தூசியை ஓரளவு தடுக்கும். பாதுகாப்பு என்று அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வண்டியின் பின்பக்கத் தொட்டியையே (மேலே திறந்திருக்கும் உலோக உடற்பகுதி) இரு பக்கச் சுவர்களாகவும், பின்கதவைப் பின்சுவராகவும் எடுத்துக்கொண்டு, இருக்கைப் பக்கம் ஒரு தகடும் மேலே ஒரு மூடியும் மட்டும் சேர்க்கும் பெட்டகம் இரண்டாவது வகை. ஆறு பக்கமும் தானே கொண்ட முழுப்பெட்டி மூன்றாவது. இழுப்பறைகள் நான்காவது. பெரும்பாலானோருக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் முடிவு. ஏற்கெனவே வண்டியில் இருக்கும் உலோகச் சுவர்களைப் பயன்படுத்துவதால் எடை குறைகிறது; ஒவ்வோர் அங்குல அகலமும் பொருள்களுக்கே கிடைக்கிறது; கழற்றிய பின் தட்டையான தகடுகளாகச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். முழுப்பெட்டியைக் கழற்றினாலும் அது முழுப்பெட்டியாகவே இருக்கும், அதை வைக்க இன்னோர் அறை வேண்டும்.

கழற்றுவது எளிதாக இருக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புகிறார். திருடனும் அதையேதான் விரும்புகிறான். இந்த முரணை ஒரு வடிவமைப்பு எப்படித் தீர்த்திருக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். மூடியைத் தாங்கும் கம்பிகளும் கைப்பிடித் திருகுகளும் மூடியைத் திறந்த பிறகே கைக்கு எட்டுமாறு அமைந்திருந்தால், கருவி எதுவும் இன்றிக் கழற்றக்கூடிய பெட்டகமாக இருந்தாலும் அது பாதுகாப்பானதே. அதே திருகு இருக்கையின் பின்புறத்திலோ சக்கர வளைவின் மேலோ வெளியே தெரியுமாறு இருந்தால், எவ்வளவு நல்ல பூட்டைப் போட்டாலும் வீண். பெட்டகத்தையே கழற்றிக்கொண்டு போய்விடலாம். வெளியே தெரியும் போல்ட்டுகளைத் தவிர்க்க முடியாத இடங்களில், தலை வழுவழுப்பாக இருந்து நட்டு உட்புறம் மட்டுமே இறுகும் வகையைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்கையின் சாய்மானத்தையே முன்சுவராக நம்பி, அந்தப் பக்கம் தகடு இல்லாமல் வரும் மலிவான வடிவங்களும் உண்டு. இருக்கையை மடித்தால் அவை திறந்துவிடும் என்பதால் அவற்றைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

பின்சுவராக நிற்கும் பின்கதவின் பூட்டும் இதே கணக்கில் வருகிறது. சில வடிவங்களில் பெட்டகத்தின் பின்விளிம்பு பின்கதவுக்கு உட்புறமாக மடிந்து, கதவு மூடியிருக்கும்வரை மூடி எழும்பாதபடி செய்கிறது. கதவைப் பூட்டினாலே பெட்டகமும் பூட்டிக்கொள்ளும். தனிச்சாவி தேவையில்லை என்பது இதன் நன்மை. பெட்டகம் எவ்வளவு உறுதியோ அதைப் பின்கதவின் தாழ்ப்பாளே தீர்மானிக்கும் என்பது இதன் எல்லை. பழைய வண்டியில் தாழ்ப்பாள் தளர்ந்து, மூடிய கதவைக் கையால் பிடித்து ஆட்டினால் அசைகிறது என்றால், முதலில் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுத்தான் இந்த வகையை வாங்க வேண்டும்.

அடிக்கடி கழற்ற நேருமா என்ற கேள்விக்கு வண்டியைப் பொறுத்துப் பதில் மாறும். கெட்டிக்கூரை கொண்ட ராங்ளரில் முன்பக்கத்தின் இரண்டு கூரைத் துண்டுகளையும் கழற்றி, அவற்றுக்கான பையில் போட்டுப் பின்பகுதியில்தான் வைப்பது வழக்கம். பெட்டகம் வந்துவிட்டால் அந்தத் துண்டுகள் மூடியின் மேல்தான் இருக்க வேண்டும். மூடியின் மேற்பரப்பில் பட்டை கட்டும் வளையங்கள் இல்லையென்றால் அவை அங்கே நிற்காது. 2021ஆம் ஆண்டு திரும்பி வந்த ஃபோர்டு பிராங்கோவின் நான்கு கதவு வடிவத்தில், கழற்றிய கதவுகளை வண்டியின் பின்பகுதியிலேயே எடுத்துச் செல்ல இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வசதிக்காகவே அந்த வண்டியை வாங்கியவர், நிலையாகப் பொருத்தும் பெட்டகம் ஒன்றை வாங்கினால் அந்த வசதியை இழந்துவிடுவார். மூடியை மட்டும் தனியே எடுக்க முடிகிற வடிவம் இவருக்கு மிகவும் பயன்படும். எடுத்த பிறகு தரையில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் கேளுங்கள். மூடியும் முன்தகடும் போன பின்பு, நான்கு தாங்கிகள் தரையில் முழங்கைபோல் நிமிர்ந்து நின்றால் அங்கே ஒரு மரப்பலகையைக்கூடத் தட்டையாக வைக்க முடியாது.

இப்போது கூரைக்கு வருவோம். வாங்குபவர்கள் எளிதில் மறந்துவிடும் விஷயம் இது. துணிக்கூரையை முழுவதும் பின்னால் மடித்தால், அந்த மடிப்பு பின்பகுதிக்கு மேலேதான் வந்து அமர்கிறது. பெட்டகத்தின் மூடி இருக்கைப் பக்கக் கீலில் மேல்நோக்கித் திறப்பதாக இருந்தால், மடிந்த கூரையில் முட்டிக்கொண்டு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். கூரையை மறுபடி விரித்தால்தான் பையை எடுக்க முடியும் என்றால், திறந்த வண்டிக்கென்று செய்த பெட்டகத்தின் பயனே பாதி போய்விடுகிறது. இதற்குச் சரியான தீர்வு, மூடியைத் தொடாமலேயே பின்கதவுப் பக்கம் கீழ்நோக்கி விழும் ஒரு சிறு கதவு, அல்லது இரண்டாக மடியும் மூடி. வாங்கும் இடத்தில் கூரையை உயர்த்தி வைத்துத் திறந்து காட்டினால் திருப்தி அடைய வேண்டாம். மடித்து வைத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தகட்டின் கனத்துக்கு நான் மூன்றாம் இடம் கொடுத்தாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. 16 கேஜ் உருக்குத் தகடு ஏறத்தாழ 1.5 மி.மீ. கனம், 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ. வேறுபாடு சிறியதாகத் தெரியும். ஆனால் தட்டையான தகடு வளையாமல் எதிர்த்து நிற்கும் திறன் கனத்தின் முப்படியை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது என்பதால், 16 கேஜ் தகடு 18 கேஜ் தகட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பானது. அதற்கு மேல் கனம் கூட்டுவதைவிட விளிம்பை மடிப்பதும் நடுவே வரம்பு எழுப்புவதும்தான் புத்திசாலித்தனம். ஏனெனில் 1.5 மி.மீ. உருக்கு சதுர மீட்டருக்கு 11.8 கிலோ எடையுள்ளது. மூடி, முன்தகடு, தாங்கிகள் என்று சேரும்போது அதைத் தூக்கி மாட்டுவது ஒருவர் கையால் ஆகும் வேலையாக இருப்பதில்லை. அலுமினியம் எடையில் உருக்கின் மூன்றில் ஒரு பங்கு என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். விறைப்பிலும் அது மூன்றில் ஒரு பங்குதான். அதே விறைப்பைப் பெற ஏறத்தாழ 2.2 மி.மீ. தகடு தேவைப்படும், அப்போது எடை உருக்கில் பாதி அளவுக்கு வந்து நிற்கும். பாதி எடை என்பதும் நல்ல மிச்சமே. அடிக்கடி கழற்றுபவர்கள் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் அலுமினியத் தகடு உருக்கு போல்ட்டைத் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு விரைவாக ஏறும் என்பதால், இடையில் நைலான் வாஷரோ ரப்பரோ வைத்திருப்பது கட்டாயம்.

பெட்டகத்தைத் திறக்க நினைப்பவன் பெரும்பாலும் பூட்டைத் தொடுவதே இல்லை. மூடியின் மூலையில் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவான். எனவே நடுவில் ஒரே நாக்கு மட்டும் கொண்ட பூட்டைவிட, இரண்டு பக்கமும் கம்பி நீண்டு பிடிக்கும் தாழ்ப்பாள் பல மடங்கு மேல். பூட்டிய பிறகு மூடியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியும் தூக்கியும் பாருங்கள். விரல்நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் கருவியும் நுழையும். மூடியின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்து தொட்டியின் விளிம்பை மூடிக்கொண்டு நிற்குமானால் நெம்புவதற்கு இடம் கிடைக்காது. கீலும் அப்படித்தான்: முழு நீளத்துக்கும் ஓடும் கீல் நல்லது, அதன் ஊசி இரு முனைகளிலும் அடித்து அடைக்கப்பட்டிருந்தால் மேலும் நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம்.

மழையைப் பற்றி விற்பவர் என்ன சொன்னாலும், மூடியிலும் பின்கதவிலும் இணைப்புகள் கொண்ட ஒரு பெட்டகம் நீர் புகாததாக இருக்க முடியாது என்று எடுத்துக்கொள்வதே சரி. இரவில் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சுற்றி வந்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தண்ணீரும் தூசியும் நுழையும் இடம் என்று தெரிந்துவிடும். ரப்பர் பட்டையை ஒட்டிக் கணிசமாக அடைக்கலாம். முழுக்க அடைத்துவிடவும் கூடாது. காற்றோட்டம் இல்லாத தகட்டுப் பெட்டிக்குள் இரவில் ஈரம் வியர்த்து, நனையாத பொருளையும் நனைத்துவிடும். ராங்ளரின் தரையில் தண்ணீர் வடிவதற்கான துளைகள் உண்டு. பெட்டகத்தின் தாங்கியோ விரிப்போ அவற்றின் மேல் அமர்ந்து அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் பொருள்களை அடுக்குவது எளிய ஏற்பாடு. வண்ணப்பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பவுடர் கோட்டிங் இருக்கட்டும், கீறிய இடத்தை அன்றே பூசிவிடுங்கள்.

பூட்டிய பெட்டகம் கிடைத்ததும் எல்லாவற்றையும் அதற்குள் போடத் தோன்றும். பெட்ரோல் கேனையும் எரிவாயு உருளையையும் ஒருபோதும் போடாதீர்கள். பெட்ரோல் ஆவியும் புரோப்பேன் வாயுவும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் பெட்டகத்தின் அடியிலேயே தேங்கி நிற்கும். தீயணைப்பானும் முதலுதவிப் பையும் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வெளியே இருக்க வேண்டும். இழுவைப் பட்டையும் அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவியும் உள்ளே இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வண்டி சேற்றில் சிக்கிப் பின்கதவு ஒரு கரையில் முட்டி நின்றால், அதைத் திறந்துதான் இழுவைப் பட்டையை எடுக்க முடியும் என்ற நிலை மிகவும் மோசமானது. மேலிருந்தும் திறக்கும் மூடி இருந்தால் மட்டுமே அவற்றை உள்ளே வைப்பேன்.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2018இல் வந்த ஜேஎல் வகை ராங்ளரின் பின் இருக்கைக்குப் பின்னுள்ள கொள்ளளவு இரண்டு கதவு வண்டியில் ஏறத்தாழ 365 லிட்டர், நான்கு கதவு வண்டியில் ஏறத்தாழ 898 லிட்டர். இவை கூரை வரையிலான இடத்தையும் சேர்த்த எண்கள். தொட்டியின் விளிம்பு மட்டத்தில் மூடி அமரும் பெட்டகத்துக்கு இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். எனவே இரண்டு கதவு வண்டியில், பின் இருக்கையை வைத்துக்கொண்டே பெட்டகம் பொருத்துவது அனேகமாகப் பயனற்றது. அந்த இருக்கையைக் கழற்றிவிடத் தயாராக இருப்பவர்களே வாங்கலாம். ஒலிபெருக்கியின் பெரிய பெட்டி பின்மூலையில் இருக்கும் வண்டிகளுக்கு, அந்த மூலை வெட்டப்பட்ட தனி வடிவம் தேவை. 2007 முதல் 2018 வரை வந்த ஜேகே வகைக்கும் அதற்கடுத்த ஜேஎல் வகைக்கும் தரையும் தொட்டியும் வேறு. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றில் துளையிட்டுப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தயாரிப்பாளர்களில், அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த டஃப்பி நிறுவனம் 16 கேஜ் உருக்கில் செய்யும் பெட்டகங்களும், ஜீப்புகளின் துணிக்கூரைகளுக்குப் பெயர்பெற்ற பெஸ்டாப் நிறுவனத்தின் இன்ஸ்டாட்ரங்க் என்ற பெட்டகமும் ராங்ளர் உரிமையாளர்களிடையே நன்கு அறியப்பட்டவை. இந்த இரண்டில் எதை எடுத்தாலும், மற்றவர்களின் பிரதிகளை எடுத்தாலும், மேலே சொன்ன வரிசையிலேயே சோதியுங்கள்: கழற்றும் திருகுகள் எங்கே, மடித்த கூரையின் கீழ் மூடி எவ்வளவு திறக்கிறது, அதற்குப் பிறகு தகடு. இழுப்பறை வகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீண்ட பயணத்தில் சமையல் பாத்திரங்களையும் கருவிகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள அவை மிக நன்று, ஆனால் எடை அதிகம், கழற்றுவது கடினம், இழுப்பறை ஓடும் தடங்களில் மணல் நுழைவதால் அவற்றை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கூரையைத் திறந்து ஓட்டுபவருக்கு மணல் நுழையாமல் இருக்கப்போவதில்லை.

குழந்தை இருக்கை பொருத்துபவர்கள் பணம் கொடுக்கும் முன்பு இதையும் பார்த்துவிட வேண்டும். அதன் மேற்பட்டையை மாட்டும் கொக்கி பல வண்டிகளில் பின் இருக்கையின் பின்புறத்தில்தான் இருக்கிறது, பெட்டகத்தின் முன்தகடு வந்து நிற்கும் இடமும் அதுவே. தகட்டுக்கும் இருக்கைக்கும் இடையே கை நுழைந்து கொக்கியை மாட்டிப் பட்டையை இறுக்க முடிகிறதா என்பதை, குழந்தை இருக்கையையே கொண்டுபோய் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பெட்டகம் உங்களுக்கானது அல்ல.