த்ரெட்டிங்கா, லேசரா: தாடை முடியோடு எட்டு வருஷக் கணக்கு

எங்கள் பக்கம் கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் கண்ணில் பட்டால், அவர்கள் கை நேராக நம் தாடைக்குத்தான் வரும். "எப்ப வந்தே கண்ணு, நல்லாருக்கறயா?" என்று முகவாயைப் பிடித்துக் கேட்காத அம்மாயிகளும் பெரியம்மாக்களும் குறைவு. அன்பான கைதான். ஆனால் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறால் தாடையில் முடி வளர்கிற ஒரு பெண், அதுவும் நூலால் முடியைப் பிடுங்குகிற த்ரெட்டிங் செய்து ஆறு நாள் ஆனவள், அந்தக் கை வருவதற்குள் ஒரு அடி பின்னால் போய்க் கும்பிட்டு நின்றுகொள்வாள். பத்தொன்பது வயதிலிருந்து நான் அப்படித்தான் நின்றேன்.

எனக்கு வீடு ஊத்துக்குளி, வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். த்ரெட்டிங்கில் ஐந்து வருஷம் போனது. லேசருக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் சித்தி மகளுக்கும் அதே பிரச்சினை என்று ஸ்கேனில் தெரிந்து, "அக்கா, எதைச் செய்யட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லேசர் பக்கம். ஆனால் விளம்பரங்கள் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

சின்ன வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேக்ஸிங் கை காலுக்குச் சரி. தாடையில் அதே இடத்தை மாதாமாதம் இழுத்தால் தோல் கறுத்து, முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு கட்டி கட்டியாக வரும். முடி நீக்கும் கிரீம் சிலருக்கு எரியும், அதனால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. என் ஆத்தா இரண்டு வருஷம் தினமும் அரைத்துப் பூசிவிட்டார். தோல் நன்றாக இருந்தது. ஆனால் இந்த முடி ஹார்மோன் சொல்லி வளர்வது. மேலே பூசுகிற மஞ்சள் அந்த வேர் வரைக்கும் போகாது.

ரேஸரை எல்லோரும் பயந்து ஒதுக்குகிறார்கள். சிரைத்தால் முடி தடித்து வளரும் என்பது தவறு. முடியின் பருமனையும் வேகத்தையும் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர். ரேஸர் அங்கே போவதே இல்லை. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அம்மா முதலில் "ஆம்பளையாட்ட ரேஸரா?" என்று கண் கலங்கினார். ஒரு மாதம் கழித்து முடி அதேபோல்தான் இருக்கிறது என்று அவரே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரேஸரை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லேசருக்குப் போகிறவளுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

இனி த்ரெட்டிங். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். திருப்பூரில் தெருவுக்கு ஒரு பார்லர் இருக்கிறது, பத்து நிமிஷம் போதும். மேலுதடு, தாடை, கன்னத்தின் ஓரம் எல்லாம் சேர்த்து நான் 150 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை தேவைப்பட்டது. வருஷத்துக்கு 45 தடவை, 6,750 ரூபாய்.

லேசரில் நான் ஒரு தடவைக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். ஐந்து வார இடைவெளியில் எட்டு அமர்வு, 20,000 ரூபாய். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முடியவில்லை. பி.சி.ஓ.எஸ். இருக்கிற வரைக்கும் உடம்பு புதிய வேர்களைத் தடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எப்.டி.ஏ. கூட லேசரை முடியின் நிரந்தரக் 'குறைப்பு' என்றுதான் அனுமதிக்கிறது, நிரந்தர நீக்கம் என்று சொல்ல விடுவதில்லை. இப்போது நான் நான்கு மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறேன். வருஷத்துக்கு மூன்று தடவை, 7,500 ரூபாய்.

ஆக, காசுக் கணக்கில் த்ரெட்டிங்தான் ஜெயிக்கிறது. முதல் வருஷத்திலும் மலிவு, ஐந்தாவது வருஷத்திலும் மலிவு. லேசர் போட்டால் பார்லர் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பி.சி.ஓ.எஸ். உள்ளவளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நான் வேறொன்றை எண்ணிப் பார்த்தேன். த்ரெட்டிங் செய்து முதல் இரண்டு நாள் தாடை சிவந்து, சின்னச் சின்னப் பருக்களோடு இருக்கும். அடுத்த மூன்று நாள் நன்றாக இருக்கும். ஆறாம் நாளிலிருந்து விரலில் தட்டும், ஏழாம் நாள் வெயிலில் தெரியும். இழுக்கிற அளவு நீளம் வர வேண்டும் என்பதால் எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டும். எட்டு நாளில் எனக்குக் கிடைத்தது மூன்று நாள். முகூர்த்த நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணி, எந்தச் செவ்வாய்க்கிழமை பார்லருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக வரும் என்று பார்ப்பேன். எங்கள் சொந்தத்தில் ஆவணியிலும் தையிலும் ஒரே மாதத்தில் நான்கு விசேஷம் வரும். துணி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சோதனை பார்க்க (பையர் ஆடிட்) வருகிற வாரம், டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காராமல் தள்ளி உட்காருவேன். இது எதற்கும் ரசீது கிடையாது.

லேசருக்குப் பிறகு நான்கு மாதத்தில் முதல் மூன்று மாதம் எனக்குத் தாடை ஞாபகமே வருவதில்லை. கடைசி மாதம் பத்துப் பன்னிரண்டு முடி வரும், அதுவும் மெலிந்து. வாரத்துக்கு ஒரு முறை ரேஸர், இரண்டு நிமிஷம். போன தையில் பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா தாடையைப் பிடித்தபோது நான் நகரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாதான் அதைக் கவனித்தார். ஒரு வழியை எடை போடும்போது, அது மாதத்தில் எத்தனை நாளை நம்மிடம் திருப்பிக் கொடுக்கிறது என்று பாருங்கள். எனக்கு இந்த ஒரு கேள்விதான் தீர்ப்புச் சொன்னது.

லேசருக்குள் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அந்த ஒளி முடியில் உள்ள கறுப்பு நிறமியைப் பிடித்துச் சூடாகி வேரைச் சுடுகிறது. வளரும் பருவத்தில் இருக்கிற முடிக்குத்தான் அது வேலை செய்யும், அதனால்தான் ஒரே அமர்வில் முடியாது. முடியைப் பிடுங்கிவிட்டால் சுடுவதற்கு எதுவும் இருக்காது. எனவே முதல் அமர்வுக்கு நான்கு வாரம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஷேவ் மட்டும் செய்யலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம் மெஷின். நம் தோலிலும் அதே கறுப்பு நிறமி இருக்கிறது. வெள்ளைத் தோலுக்குத் தோதான 755 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அலெக்ஸாண்ட்ரைட் லேசர் நம் தோலைச் சுட்டுவிடும் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் ஆழமாகப் போகும், மேல்தோலின் நிறமியை அவ்வளவாகத் தொடாது, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுவே பாதுகாப்பு. டையோடு லேசரும் செய்கிறார்கள், ஒளியின் சக்தியைக் குறைத்து வைக்கத் தெரிந்தவர் கையில். நான் முதலில் சலுகை விலை பார்த்து ஒரு பார்லருக்குத்தான் போனேன். என்ன மெஷின் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, தோல் தாங்குமா என்று முதலில் சின்ன இடத்தில் சுட்டுப் பார்க்கிற சோதனைப் புள்ளியும் வைக்கவில்லை. தாடையில் கோடு கோடாகக் கருத்தது மறைய ஏழு மாதம் ஆனது. பிறகுதான் கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் காதுக்குக் கீழே ஒரு இடத்தில் சுட்டுப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். ஸ்கூட்டரில் போகிற நமக்கு சன்ஸ்கிரீனும் முகம் மூடுகிற துணியும் லேசரின் பாதி வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு லேசர் போட்ட இடத்தின் ஓரத்தில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே, பூனைமுடி தடித்துப் புதிதாக வருவதும் உண்டு. கருமையான தோலும் பி.சி.ஓ.எஸ்.-உம் சேர்ந்தவர்களிடம் இது கூடுதலாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதனால் தடித்த முடி உள்ள இடத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். 'முழு முகம்' பேக்கேஜ் வேண்டாம்.

எலக்ட்ரோலிசிஸ் நான் செய்துகொண்டதில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேராக ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சுகிற முறை. 1875-இல் அமெரிக்காவில் ஒரு கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்த இமைமுடிக்காகத் தொடங்கியது. எப்.டி.ஏ. 'நிரந்தர நீக்கம்' என்று ஒப்புக்கொள்வது இதைத்தான். லேசரால் பிடிக்க முடியாத நரைமுடிக்கும் வேலை செய்யும். பத்துப் பதினைந்து முடி மட்டும் உள்ளவர்களுக்கு இது லேசரைவிடப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாடை முழுவதும் உள்ளவள் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

மாத்திரையிலும் என் அனுபவம் ஒரு வருஷம்தான். கருத்தடை மாத்திரையும், ஆண் ஹார்மோனைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோனும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேருக்கு வருகிற உத்தரவையே அது குறைக்கிறது. பலன் தெரிய ஆறு மாதம் பிடிக்கும், ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது கர்ப்பம் கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிடாய்க்கும் உதவும், முடிக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

இனி எடை. "எடையக் கொறச்சா முடி தன்னால கொட்டிரும்" என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. அதை நம்பி மூன்று வருஷம் லேசரைத் தள்ளிப்போட்டேன். நான் செய்ததில் பெரிய தவறு அதுதான். இரத்தத்தில் இன்சுலின் கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கும். அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கிற புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும். எடை குறைந்தால் இரண்டும் ஓரளவு சரியாகும். ஆனால் ஒரு முறை தடித்த முடிவேர் மறுபடி பூனைமுடியாக மாறுவது அபூர்வம். நான் 78 கிலோவிலிருந்து 72-க்கு வந்தேன். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாற்றம் தெரியும் என்பார்கள், என்னுடையது எட்டுக்குக் கொஞ்சம் கீழே. அறுபது நாளுக்கு ஒரு முறை வந்த மாதவிடாய் முப்பத்தைந்துக்கு வந்தது, கழுத்துக் கறுப்பு வெளுத்தது, கழுத்தில் புதிய முடி வருவது நின்றது. தாடையில் இருந்த பழைய முடி ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஒன்றுக்காக இன்னொன்றைக் காக்க வைக்காதீர்கள்.

எடைக்கும் என் அளவுகோல் அதேதான், எது தொடர்ந்து நிற்கும் என்பது. சத்துமாவு ஷேக் குடித்து மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைத்தேன், அடுத்த ஐந்து மாதத்தில் ஏழு கிலோ ஏறியது. பி.சி.ஓ.எஸ்.-க்காக 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் எந்த ஒரு உணவுமுறையும் மற்றதைவிட மேல் என்று சொல்லவில்லை. எனக்கு நின்றது வீட்டுச் சாப்பாட்டிலேயே செய்த மாற்றம். அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டினேன். கொள்ளும் பச்சைப்பயறு கடைசலும் வாரத்தில் நான்கு நாள், தினமும் முட்டை. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறார்கள், அது கொழுப்பைக் கரைக்காது, புரதமும் நாரும் இருப்பதால் பசி தாங்கும். ராகிக்களி இரண்டு உருண்டை சாப்பிட்டால் அதுவும் மாவுதான். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். எங்கள் ஊர் வெண்ணெயை நான் விடவில்லை, ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜிம்முக்கும் கட்டணம் கட்டிப் பார்த்தேன். ஷிப்மென்ட் வாரங்களில் போக முடியாது. எங்கள் ஊர்க் கதித்தமலைப் படி ஏறுவதும் சாயங்கால நடையும் வாரத்துக்கு 150 நிமிஷத்தைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு நாள் வீட்டிலேயே தண்ணீர்க் குடம் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்கிறேன்.

சித்தி மகளிடம் கடைசியாகச் சொன்னது பரிசோதனை பற்றி. தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்கள், சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகுதான் லேசர். சில மாதத்துக்குள் திடீரென்று முடி அடர்ந்தாலோ, குரல் தடித்தாலோ, முன்மண்டை வழுக்கை விழுந்தாலோ அது பி.சி.ஓ.எஸ். அல்லாத வேறு ஏதாவதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிந்துவிட்டது. ரேஸர் வாங்கிவிட்டாள், த்ரெட்டிங்கை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. சோதனைப் புள்ளி வைக்கிற அன்று நானும் லீவு போட்டு அவளோடு கோவைக்குப் போகிறேன்.