ஸ்கைரிமுக்கு மாட் போடத் தொடங்குவோருக்கு மாட் ஆர்கனைசர் 2: ஒரு மதிப்புரை

2011 நவம்பரில் வெளிவந்து, 2016இல் ஸ்பெஷல் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்ட ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு இன்றும் விரும்பி ஆடப்படுவதற்கு ரசிகர்கள் உருவாக்கும் மாட்களே, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புத் தொகுப்புகளே, பெருங்காரணம் என்பது என் எண்ணம். நான் முதன்முதலில் மாட் போட்டபோது, பதிவிறக்கிய கோப்புகளை எல்லாம் விளையாட்டின் டேட்டா ஃபோல்டருக்குள் நேரடியாகக் கொட்டினேன். பத்துப் பன்னிரண்டு மாட்களுக்குப் பிறகு விளையாட்டு திறக்கவே மறுத்தது. எந்தக் கோப்பு எந்த மாட்டுடையது என்று பிரித்தறிய வழியின்றி, அனைத்தையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன்.

இலவசமாகக் கிடைக்கும் மாட் ஆர்கனைசர் 2 இந்தத் தொல்லையை வேரிலேயே களைகிறது. ஒவ்வொரு மாட்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் அவையெல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதுபோல் அது காட்டுகிறது. பட்டியலில் ஒரு டிக் குறியை எடுத்துவிட்டால் அந்த மாட் விலகிவிடும். உண்மையான டேட்டா ஃபோல்டர் வாங்கியபோது இருந்தபடியே இருக்கும். தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் தருவதால், புதியவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. விளையாட்டை இதன் உள்ளிருந்தே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விளையாட்டை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியிலிருந்து நேரே திறந்தால் மாட் எதுவும் செயல்படாது.

இதில் பலரும் தடுமாறும் இடம், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் இருப்பதுதான். விளையாட்டில் வரும் ஒயிட்ரன் நகரின் கற்சுவருக்கு இரண்டு மாட்கள் ஒரே பெயரில் புதிய படங்களைத் தருகின்றன என்று கொள்வோம். இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பதே வெல்லும். வென்றதன் பக்கத்தில் பச்சைக் கூட்டல் குறியுடனும், தோற்றதன் பக்கத்தில் சிவப்புக் கழித்தல் குறியுடனும் சின்ன மின்னல் அடையாளம் தோன்றும். விருப்பமானதைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது சுவர் மாறியிருக்கும். வலப்பக்கப் பட்டியலோ பிளகின்களின், அதாவது மாட்களின் மாற்றங்களை விளையாட்டுக்குள் ஏற்றும் கோப்புகளின், வரிசை. முழு அளவுப் பிளகின்களை விளையாட்டு 254 வரைதான் ஏற்கும். இலகுவகைப் பிளகின்கள் அந்தக் கணக்கில் சேராமல் 4096 வரை இடம்பெறலாம். இவ்வரிசையை லூட் என்ற துணைக்கருவியிடம் விட்டுவிடுவது தொடக்கத்தில் போதுமானது.

குறைகளும் உண்டு. பல மாட்கள் சார்ந்திருக்கும், விளையாட்டின் ஸ்க்ரிப்ட் (நிரல்) திறனை விரிவாக்கும் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணைநிரலின் முதன்மைக் கோப்புகளை, விளையாட்டு நிறுவப்பட்ட ஃபோல்டரில் நாமே கைப்பட வைக்க வேண்டும்; அதன் பதிப்பு விளையாட்டின் பதிப்போடு அப்படியே பொருந்தவும் வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பு வந்தவுடன் அந்தப் பொருத்தம் குலைந்துபோகும். திரையில் வரும் குறியீடுகளை விளக்கும் அறிமுகமும் புதியவருக்குப் போதாது. வார்டெக்ஸ் என்ற மற்றொரு மாட் மேலாண்மைக் கருவி முதல் நாளில் எளிதாகத் தோன்றினாலும், அது வழக்கமாக ஹார்டுலிங்க் முறையில் (ஒரே கோப்பை இரண்டு இடங்களில் தெரியவைக்கும் இணைப்பு) கோப்புகளை டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே இணைப்பதால், நான் மாட் ஆர்கனைசர் 2ஐயே பரிந்துரைப்பேன்.

ஸ்க்ரிப்ட் கொண்ட மாட் ஒன்றைப் பாதி ஆட்டத்தில் நீக்கினால் சேமித்த ஆட்டம் பழுதாகலாம். அதன் எச்சங்கள் சேமிப்புக் கோப்பிலேயே தங்கிவிடுவதால் இந்தக் கருவியாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே புதிய மாட்களைச் சோதிக்கத் தனி ப்ரொஃபைல் (மாட் பட்டியலின் தனித் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, அதற்கெனத் தனிச் சேமிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதியை முதல் நாளிலேயே இயக்கிவிடுங்கள்.