கர்ப்பிணிகள் வகுப்பு: தொற்று பற்றிய பேச்சுக்காகப் போகலாம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் கர்ப்பிணிகள் வகுப்புக்கு மனைவியோடு போய்வந்தேன். பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று ஸ்டார், அந்த மூன்றும் தொற்று பற்றிப் பேசிய டாக்டரம்மாவுக்குத்தான்.

மூச்சுப்பயிற்சி அவசர அவசரமாக முடிந்துபோனது, தாய்ப்பால் பகுதிக்கு ஒரு வீடியோவை ஓடவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா ஆரம்பித்ததே வேறு மாதிரி: குழந்தையில் பாதி அப்பாவுடையது, அப்படியென்றால் அம்மாவின் உடம்பு அதை ஏன் தாக்குவதில்லை? பீட்டர் மெடாவர் என்ற விஞ்ஞானி 1953-லேயே எழுப்பிய கேள்வியாம். கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும், அதனால்தான் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, அதெல்லாம் இல்லைங்க, முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உட்சுவரில் எதிர்ப்பு செல்கள் குவிந்து கிடக்கின்றன, அதில் சுமார் 70 சதவீதம் என்கே, அதாவது 'நேச்சுரல் கில்லர்' என்ற வகை செல்கள் என்றார். ரத்தத்தில் ஓடும் என்கே செல், கிருமி புகுந்த செல்லைக் கண்டால் அதையே தீர்த்துக்கட்டிவிடும். கருப்பையில் இருப்பவை அம்மாவின் ரத்தக்குழாய்கள் அகன்று நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக உதவுகின்றன.

சரி, லிஸ்டீரியா மாதிரி ஒரு பாக்டீரியா நஞ்சுக்கொடி செல்லுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டால்? செல்லைக் கொன்றால் நஞ்சுக்கொடிக்குச் சேதம், விட்டுவைத்தால் குழந்தைக்கு ஆபத்து. இதற்கான பதில்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. என்கே செல் மிக மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, கிரானுலைசின் என்ற புரதத்தை அந்தச் செல்லுக்குள் அனுப்புகிறதாம். பாக்டீரியா செத்துவிடும், செல் பிழைத்துக்கொள்ளும். 2020-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 'செல்' என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது. எலிக்கு இந்தப் புரதம் கிடையாது, மனித மரபணுவைச் சேர்த்த எலிகளில் கர்ப்பம் கலைவது குறைந்திருக்கிறது.

இந்தக் காவலையும் தாண்டி வருபவை உண்டு என்று ஜிகா வைரஸ், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இரண்டையும் சொன்னார். அதனால் ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனை, பாலை நன்றாகக் காய்ச்சுவது, காய்ச்சல் வந்தால் கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் போவது. லிஸ்டீரியா பிரிட்ஜ் குளிரிலும் பெருகும், ஆகவே பழைய குழம்பைக் கொதிக்கவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி கர்ப்பத்திலேயே போடலாம், ரூபெல்லா ஊசி கூடாது, அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியை ஏற்ற ஏதாவது பவுடர் இருக்கிறதா என்று ஒரு அக்கா கேட்டார். குழந்தையையும் விட்டுவைத்துக் கிருமியையும் பிடிக்கிற செல்களை வெறுமனே உசுப்பிவிடுவதில் என்னம்மா லாபம் என்றார் டாக்டரம்மா. கூத்து என்னவென்றால், வெளியே வந்தால் வாசலிலேயே அதே மாதிரி பவுடருக்கு ஒரு ஸ்டால்! பக்கத்தில் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் கம்பெனி ஆள் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுக்காதீர்கள், விடாமல் கூப்பிடுகிறார்கள்.

கட்டணம் 1500, கணவருக்குத் தனிக் காசு இல்லை. தொற்று பகுதி எந்த சனிக்கிழமை என்று முன்பே கேட்டுக்கொண்டு அன்றைக்குப் போங்கள்.