பிளக்-இன் ஹைபிரிட்டா, முழு மின்சாரக் காரா?

கேபிள் செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்திருப்பது பிளக்-இன் ஹைபிரிட்; முழு மின்சாரக் காரில் பேட்டரி மட்டுமே. இவ்விரண்டில் எதை வாங்குவது என்ற கேள்வி 2010 டிசம்பரிலேயே எழுந்துவிட்டது. அந்த ஒரே மாதத்தில்தான் பிளக்-இன் ஹைபிரிட்டான செவர்லே வோல்ட்டும் முழு மின்காரான நிசான் லீஃபும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி கொண்ட லீஃப் ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 117 கிலோமீட்டர் போகும் என்று அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. 16 யூனிட் பேட்டரி கொண்ட வோல்ட் சுமார் 56 கிலோமீட்டரை மின்சாரத்தில் கடந்துவிட்டு, அதற்குமேல் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். 117 கிலோமீட்டரை நம்பி வெளியூர் கிளம்ப யாருக்கும் துணிச்சல் வராத அந்த நாளில், வோல்ட்டுக்குள் இருந்த இன்ஜினுக்கு வலுவான நியாயம் இருந்தது. நடுத்தர ரக மின்கார்களே 350, 400 கிலோமீட்டர் போகும் இன்று அந்த நியாயத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிளக்-இன் ஹைபிரிட்டை விற்பவர்கள் சொல்வது எளிமையானது: அன்றாட ஓட்டத்துக்கு மின்சாரம், நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கணக்கும் தப்பில்லை. ஒருவர் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்றால், 15 யூனிட் பேட்டரியே அவருக்குத் தாராளம். 60 யூனிட் பேட்டரியைச் சுமந்து திரிபவர் அதில் பெரும்பகுதியை வெறும் பாரமாகத்தான் தூக்கிச் செல்கிறார். பேட்டரிக்கு வேண்டிய கனிமங்கள் தட்டுப்பாடாக இருக்கும்போது, ஒரு பெரிய பேட்டரியை நான்காகப் பிரித்து நான்கு கார்களில் வைப்பதே மேல் என்ற வாதமும் இதிலிருந்து பிறந்ததுதான். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும், ஓட்டுபவர் ஒவ்வொரு இரவும் மறக்காமல் கேபிளைச் செருகுவார் என்ற ஒற்றை நம்பிக்கையின்மேல் நிற்கிறது. மின்கார் வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை, செருகாவிட்டால் கார் நகராது. பிளக்-இன் ஹைபிரிட்டோ செருகாதவரையும் மன்னித்துவிடும். அதன் வசதியும் அதுவே, கேடும் அதுவே. நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சில, உறைகூடப் பிரிக்காத சார்ஜிங் கேபிளோடு திரும்பி வந்தது 2018இல் பிரிட்டனில் செய்தியானது. சாலையில் ஓடும் கார்களிலிருந்தே திரட்டிய தரவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வகைக் கார்கள் நடைமுறையில் வெளியிடும் கரியமிலவாயு, ஆய்வகச் சோதனை காட்டிய அளவைப்போலச் சுமார் மூன்றரை மடங்கு. ஆகவே விளம்பரத்தில் காணும் மைலேஜை அப்படியே நம்பிப் பெட்ரோல் செலவைக் கணக்கிடுவது வீண்.

பராமரிப்பில் பிளக்-இன் ஹைபிரிட் தெளிவாகப் பின்தங்குகிறது. இன்ஜின் அதிகம் ஓடாவிட்டாலும் ஆயிலைப் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வார்கள். ஸ்பார்க் பிளக், ஃபில்டர், சைலன்சர் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. மின்சாரத்திலேயே ஓட்டும் ஒழுங்கான ஆளுக்கு இன்னொரு விசித்திரமும் காத்திருக்கிறது: டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பழசாகிவிடும். வோல்ட்டில் எரிபொருள் ஏறத்தாழ ஓராண்டு பழையதானால், பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், இன்ஜின் தானாகவே ஓடி அதைத் தீர்த்துவிடும். பெட்ரோலைத் தவிர்க்க வாங்கிய கார், கெட்டுப்போகும் என்று பெட்ரோலை எரிப்பதைப் பார்த்துச் சிரிப்பதா, நொந்துகொள்வதா?

பலர் கவனிக்காத ஒன்று பேட்டரியின் தேய்மானம். நிறைந்து வடியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். இரண்டு லட்சம் கிலோமீட்டரையும் மின்சாரத்திலேயே ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் ஓடும் சிறிய பேட்டரி 3,300 முறைக்குமேல் நிறைந்து வடிய வேண்டும். 350 கிலோமீட்டர் ஓடும் பெரிய பேட்டரிக்கு 570 முறை போதும். சிறிய பேட்டரியின் முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தவிடாமல் தயாரிப்பாளர்கள் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடும்பயணத்தில் மட்டும் பிளக்-இன் ஹைபிரிட் மறுக்க முடியாமல் வெல்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் பெரும்பங்கை இன்ஜின் வெப்பமாக வீணாக்கினாலும், 40 லிட்டர் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். விரைவு சார்ஜரில் பல மின்கார்கள் அரை மணி நேரம்போல நிற்கும், அதுவும் சார்ஜர் பழுதில்லாமல் காலியாக இருந்தால். சார்ஜர் இல்லாத வழிகளில் வாரந்தோறும் போகிறவர், அடிக்கடி டிரெய்லர் இழுக்கிறவர் ஆகியோருக்கு இது பெரிய விஷயம். ஆண்டுக்கு இரண்டு முறை வெளியூர் போகிறவர், அந்த இரண்டு நாளுக்காக ஓர் இன்ஜினை ஆண்டு முழுவதும் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடுங்குளிரில் மின்காரின் தூரம் கணிசமாகக் குறையும். ஆனால் பிளக்-இன் ஹைபிரிட்கள் பலவும் உள்ளே சூடேற்ற இன்ஜினையே ஓடவிடுவதால், அங்கே பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டில் சார்ஜ் போட வசதி உள்ளவருக்குத்தான் பிளக்-இன் ஹைபிரிட் பயன் தரும். விந்தை என்னவென்றால், முழு மின்கார் மிகச் சுலபமாகப் பொருந்துவதும் அதே ஆளுக்குத்தான். அவர் நெடுந்தூரம் எத்தனை முறை போகிறார் என்பதைக் கடந்த ஓராண்டுப் பயணங்களை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாம். அந்த வசதியே இல்லாமல் குடியிருப்பவர் பிளக்-இன் ஹைபிரிட் வாங்கினால், காலியான பேட்டரியின் எடையையும் சேர்த்து இழுக்கும் பெட்ரோல் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். கேபிளே தேவைப்படாமல், ஓடும்போதே தன் சிறிய பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும் சாதாரண ஹைபிரிட் அவருக்கு இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும்.