மழை 20 சதவீதம், புழுதி எவ்வளவு? ஃபீனிக்ஸ் வானிலை முன்னறிவிப்பு சேவை பற்றி ஒரு விமர்சனம்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அரிசோனாவுக்குப் பருவமழைக் காலம். பெயரில் மழை இருக்கிறதே தவிர, ஃபீனிக்ஸ் விமான நிலைய மழைமானியில் இந்த மூன்றரை மாதத்தில் சராசரியாக விழுவது 2.43 அங்குலம், அதாவது சுமார் 62 மி.மீ. சென்னை இதை வடகிழக்குப் பருவத்தில் ஒரே இரவில் பார்த்துவிடும். 2023-இல் அதுவும் இல்லை. சீசன் முழுக்க 0.15 அங்குலம்தான். மழை இவ்வளவு சொற்பம் என்றாலும் அதைக் கொண்டுவரும் இடிமேகங்களோடு சேர்ந்து வரும் காற்றும் புழுதியும் ஓடை வெள்ளமும் சொற்பமல்ல. சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் 'மழை வருமா' என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே கிளம்பியதாக அர்த்தம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் ஃபீனிக்ஸ் அலுவலகம் இலவசமாகத் தரும் முன்னறிவிப்பு. அதில் பல அடுக்குகள் உண்டு. படக்குறியும் சதவீதமுமாக இருக்கும் முதல் பக்கம், மணிவாரி வரைபடம், முன்னறிவிப்பாளர்களே எழுதும் விவாத உரை, கடைசியாக எச்சரிக்கைகள். எல்லாமே ஒரே அலுவலகத்திலிருந்து வந்தாலும் தரம் ஒன்றல்ல. பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதுதான் நான்கிலும் பலவீனமானது.

'இடிமழை 20 சதவீதம்' என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான்: குறிப்பிட்ட நேரத்துக்குள் உங்கள் இடத்தில் 0.01 அங்குலமாவது மழை விழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த எண்ணில் காற்று சேராது, புழுதி சேராது, இருபது மைல் தள்ளிக் கொட்டிய மழை உங்கள் பக்கத்து ஓடையில் இறங்கி வருவதும் சேராது. 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய புழுதிச்சுவரை நினைத்துப் பாருங்கள். மேகங்கள் திரண்டது டூசான் பக்கம். அங்கே விழுந்த மழை குளிர்வித்த காற்று தரையில் மோதி வடமேற்கே பரவி, 5,000 அடிக்கும் மேல் எழுந்த புழுதியை முன்னால் தள்ளிக்கொண்டு 150 மைல் ஓடியது. மழை வாய்ப்பை மட்டும் பார்த்தவருக்கு அந்த மாலை ஒரு சாதாரண நாள்.

விவாத உரைக்கு வருவோம். இந்தச் சேவையின் உண்மையான சரக்கு இதுதான். ஒரு நாளில் குறைந்தது இரண்டு முறை, விடிகாலையிலும் பிற்பகலிலும் புதுப்பிக்கிறார்கள். அலங்காரம் இல்லாத வெறும் எழுத்து, சுருக்கெழுத்துகள் நிறைய. முதல் வாரம் தலை சுற்றும். ஆனால் மூன்று விஷயங்களைத் தேடிப் படித்தால் போதும்.

முதலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் உயர் காற்றழுத்தப் பகுதி, அதாவது உயரழுத்தம், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு மாநிலங்கள் சந்திக்கும் 'ஃபோர் கார்னர்ஸ்' பக்கம் இருந்தால் கிழக்கு, தென்கிழக்குக் காற்று வீசும். ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் மொகொயோன் விளிம்பு மலைகளிலும் தென்கிழக்கு மலைகளிலும் நண்பகலில் முளைக்கும் மேகங்கள் மாலையில் பாலைவனத்துக்கு இறங்கும். உயரழுத்தம் நேராக ஃபீனிக்ஸ் மேல் உட்கார்ந்தால் காற்று கீழிறங்கிச் சூடாகும், வெயில்தான். மேற்கே காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம் வந்து தென்மேற்குக் காற்று அடித்தால் ஈரம் நியூ மெக்சிகோ பக்கம் துடைத்துத் தள்ளப்படும். 'மெக்சிகோவிலிருந்து மேற்கே நகரும் தலைகீழ்த் தாழ்வுப் பள்ளம்' என்ற சொற்றொடர் விவாதத்தில் வந்தால் அன்றைய திட்டங்களை இரண்டாம் முறை யோசியுங்கள். மலையோரத்தில் ஒதுங்க வேண்டிய மேகங்களை ஒருங்கிணைத்துச் சமவெளிக்குத் தள்ளுவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது ஈரம். 2008-க்கு முன்பு, ஃபீனிக்ஸில் சராசரிப் பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; ஈரம் கூடினால் இதுவும் கூடும்) தொடர்ந்து மூன்று நாள் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால்தான் பருவமழை தொடங்கியதாகக் கணக்கு. காலண்டர் தேதிக்கு மாறிவிட்டாலும் அந்த 55 இன்றும் நல்ல கைக்கணக்கு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கலிஃபோர்னியா வளைகுடாவிலிருந்து இரவில் வடக்கே ஏறிவரும் ஈரக்காற்று அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் உள்ள யூமாவில் முதலில் தெரியும், காலையில் ஃபீனிக்ஸில் பனிநிலை 60-ஐத் தாண்டும், உடம்பு கசகசக்கும். அந்த ஈரம் தரையோடு மெல்லிய படலமாக மட்டும் இருந்தால், பிற்பகல் வெயிலில் மேலே இருக்கும் வறண்ட காற்றோடு கலந்து பனிநிலை சட்டென்று விழுந்துவிடும். காலைக் கசகசப்பை நம்பி ஏமாறுவது இப்படித்தான். அதனால் விவாதத்தில் வளிமண்டலத்தின் மொத்த நீர்ச்சத்து (தலைக்கு மேலுள்ள ஈரம் அத்தனையும் நீரானால் எத்தனை அங்குலம் நிற்கும்) என்ன என்று பாருங்கள். ஓர் அங்குலத்தை ஒட்டி இருந்தால் காற்றும் புழுதியும்தான் கவலை. ஒன்றரையைத் தாண்டினால் வெள்ளமும் கவலை.

மூன்றாவது 'டிகேப்' என்ற எண். கீழிறங்கும் குளிர்காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதன் கணக்கு. இந்தப் பாலைவனத்தில் மேகத்தின் அடிப்பகுதியே 10,000 அடிக்கு மேல் இருக்கும் நாள்கள் உண்டு. மழைத்துளி கீழே வரும் வழியில் வறண்ட காற்றில் ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்துக் கனமாக்கும். அது கல் போல விழும். தரைக்கு மழை வராமலே மரம் சாய்வது இதனால்தான். டிகேப் 1,500-ஐத் தாண்டி 2,000-ஐ நெருங்கும் நாளில், மழை வாய்ப்பு 10 சதவீதம் என்றிருந்தாலும் கூடாரம், மொட்டைமாடிப் பந்தல், நீச்சல்குளக் குடை எல்லாவற்றையும் மடக்கி வைப்பது நல்லது.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: விவாத உரையில் வரும் விமானப் போக்குவரத்துப் பகுதியை மட்டும் படியுங்கள். விமானிகளுக்காக எழுதுவதால் அதில் வழவழா கொழகொழா கிடையாது. இடிமேகத்திலிருந்து வெளியே பாயும் காற்று எந்தத் திசையிலிருந்து, எந்த மணி வாக்கில், எந்த வேகத்தில் வரலாம், நம்பிக்கை எவ்வளவு என்று நேரடியாக இருக்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால் 7 மணி கழித்துக்கொள்ளுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் கணக்கு வருடம் முழுக்க ஒன்றே.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடிமழை கணிப்பு இங்கே தவறும்போது காரணம் பெரும்பாலும் முந்தைய நாளில் இருக்கும். நேற்றிரவு பெரிய மழைக்கூட்டம் சமவெளி வரை வந்திருந்தால், இன்று காலை அதன் மிச்ச மேகங்கள் வெயிலை மறைக்கும். வளிமண்டலம் குளிர்ந்து அடங்கிவிடும். மணிக்கொரு முறை ஓடும் 3 கி.மீ. கட்ட அளவுள்ள எச்ஆர்ஆர்ஆர் என்ற கணினி வானிலை மாடல் இந்த மேகங்களைப் பல நேரம் சரியாகப் பிடிப்பதில்லை. அரிசோனாப் பல்கலைக்கழகம் 1.8 கி.மீ. அளவில் ஓட்டும் மாடலையும் முன்னறிவிப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மலைகள் அதில் துல்லியமாக இருப்பதால் மேகம் முளைக்கும் இடம் நன்றாக வரும். ஆனால் தொடக்க ஈரம் தவறாக இருந்தால் எந்த மாடலும் தவறும். வழக்கமான அளவீட்டு பலூன் காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் டூசானிலிருந்தும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்தும் போகிறது. எல்லைக்குத் தெற்கே, ஈரம் வரும் வழியில், அளவீடுகள் குறைவு. இதை ஃபீனிக்ஸ் அலுவலகத்தின் குற்றமாகச் சொல்ல முடியாது. முதல் பக்கத்தின் சதவீதம் இந்தச் சந்தேகத்தை மறைத்துவிடுகிறது. விவாத உரை மறைப்பதில்லை.

எச்சரிக்கைகளில் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கைபேசி அலறவில்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. மணிக்கு 58 மைல் காற்று அல்லது ஓர் அங்குல ஆலங்கட்டி வந்தாலே கடும் இடிமழை எச்சரிக்கை தருவார்கள். ஆனால் கைபேசிக்குத் தானாக அவசரச் செய்தி போவது 80 மைல் காற்று அல்லது 2.75 அங்குல ஆலங்கட்டி என்ற 'அழிவு' நிலையில்தான். 2021 ஆகஸ்டிலிருந்து இதுவே நடைமுறை. ஃபீனிக்ஸில் கூரை ஓடுகளைப் பெயர்ப்பது பெரும்பாலும் 60, 70 மைல் காற்று. அதற்குக் கைபேசி வாய் திறக்காது. திடீர் வெள்ளத்திலும் அடிப்படை நிலை எச்சரிக்கை அமைதியாகவே வரும். புழுதிப்புயல் எச்சரிக்கை கால் மைலுக்குக் குறைந்த பார்வைத் தூரத்துக்கு. அது கைபேசியில் ஒலிக்கும். அதற்கு ஒரு படி கீழே உள்ள புழுதி அறிவுறுத்தல் ஒலிக்காது. அலறலைக் குறைத்து மதிப்பைக் காப்பாற்றும் முடிவு நியாயமானதுதான். ஆனாலும் இந்தப் படிநிலை பொதுமக்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

ரேடாருக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. ஃபீனிக்ஸ் ரேடார் மெசா பக்கம் இருக்கிறது. மிகத் தாழ்ந்த அரை டிகிரிக் கற்றைகூட, 45 மைல் தள்ளியிருக்கும் பிகாச்சோ சிகரத்தருகே போகும்போது தரையிலிருந்து சுமார் 3,000 அடி உயரத்துக்கு எழும்பிவிடும். தரிசு நிலத்திலிருந்து எழுந்து சாலையைக் கடக்கும் தாழ்வான புழுதி அதன் கண்ணுக்கே படாது. ஃபீனிக்ஸ்-டூசான் ஐ-10 நெடுஞ்சாலையில் எலாய், பிகாச்சோ இடையே பத்து மைல் நீளத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறை தனி ரேடாரும் உணரிகளும் வைத்து, வேக வரம்பை 75-லிருந்து 35 வரை தானாகக் குறைக்கும் பலகைகள் அமைத்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். அந்தப் பலகை 35 காட்டும்போது வானம் தெளிவாகத் தெரிந்தாலும் குறைத்துவிடுங்கள். புழுதிக்குள் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பித் தொடர்ந்து வந்து மோதுவார். அபாய விளக்கைப் போட்டு ஓரம் கட்டும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே நேர் எதிர் வேலை செய்யும்.

வெள்ளத்துக்கு இந்தச் சேவையோடு, ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்பின் மழைமானி வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான மானிகள், ஒவ்வொரு 0.04 அங்குலத்துக்கும் ஒரு பதிவு. ரேடார் மேலே மழை காட்டும். தரைக்கு வந்ததா, வழியிலேயே ஆவியானதா என்று சொல்வது இந்த மானிகள்தான். உங்கள் தெருவின் மானியைவிட உங்கள் ஓடைக்கு மேல்புறத்தில் இருக்கும் மானி முக்கியம். காட்டுத்தீ எரிந்த சரிவு மேலே இருந்தால் கணக்கே மாறும்: வெந்த மண் நீரை உறிஞ்சாது, சாம்பலும் கட்டையும் சேர்ந்து சேறாக வரும். 2019-இல் தீப்பற்றிய சரிவிலிருந்து 2021 ஜூலையில் ஃபிளாக்ஸ்டாஃப் தெருக்களுக்கு வெள்ளம் இறங்கியது. 2017 ஜூலை 15 அன்று மொகொயோன் விளிம்பின் அடியில் உள்ள பேசன் ஊருக்கு வடக்கே எலிசன் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை அடித்துச் சென்றதும், ஒரு மாதம் முன்பு எரிந்த சரிவின் நீர்தான். எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தது. அது அவர்களிடம் போய்ச் சேர வழி இல்லை.

ஆகையால் மலைக்குப் போகிறவர்கள் கைபேசியை நம்பாமல் 162 மெகாஹெர்ட்ஸ் வானிலை வானொலிப் பெட்டி ஒன்றை எடுத்துப்போகலாம். பள்ளத்தாக்கின் ஆழத்தில் அதுவும் திணறும். குறுகிய பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு, யூட்டா பக்கம் சால்ட் லேக் சிட்டி அலுவலகம் 'எதிர்பார்க்கவில்லை, சாத்தியம், அநேகமாக, எதிர்பார்க்கிறோம்' என்று நான்கு படியில் தினமும் தரும் வெள்ள மதிப்பீடு எளிமையில் ஃபீனிக்ஸை விஞ்சுகிறது. ஒரே சொல்லில் நின்றுபோவதா உள்ளே போவதா என்று முடிவெடுக்க முடியும். ஃபீனிக்ஸ் அலுவலகம் மாலைப் புழுதிக்கும் காற்றுக்கும் இப்படி ஒரு நான்குபடிச் சொல்லை முதல் பக்கத்திலேயே, மழைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால், விவாத உரையைப் படிக்கப் பொறுமை இல்லாதவரும் தப்பிப்பார். அதுவரை, பிற்பகல் 2 மணி வாக்கில் விமானப் பகுதியைப் படித்துவிட்டு, 4 மணிக்கு செயற்கைக்கோள் படத்தில் விளிம்பு மலைகளின் மேல் மேகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.