மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய போர்ட்டபிள் இவி சார்ஜர்: வீட்டில் சரிசெய்து ஓட்டும் அனுபவம்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் மின்சாரக் காரை முன்னாடியே மேம்பாலத்தில் ஏற்றிவிட்டோம், காரோடு வந்த 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர் மட்டும் சுவரில் செருகும் பிளக், நடுவில் இருக்கும் பெட்டி, காரில் செருகும் கன் என்று மொத்தமாக மூழ்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் இதைப் பழுது பார்ப்பதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டிலேயே திறந்து சரிசெய்தேன். அதற்கப்புறம் ஃபெஞ்சல் மழையும் வந்து போய்விட்டது, இன்றும் இதில்தான் சார்ஜ் போடுகிறேன்.

பச்சை விளக்கு எரிந்தவுடன் சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் குடித்த சார்ஜரைக் கார் ஏற்கும்படி செய்வது சுலபம். மின்கசிவு வந்தால் அது தானாகக் கரண்ட்டைக் கட் பண்ணுகிறதா என்று பார்ப்பதில்தான் பாதி வேலையே இருக்கிறது.

பெட்டியில் ஐபி67 என்று அச்சடித்திருக்கிறதே, எப்படித் தண்ணீர் போனது என்று எல்லோரும் கேட்டார்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அரை மணியில் வடிகிற தண்ணீரா எங்கள் ஏரியாவில் நிற்பது? ஆனாலும் பெட்டியின் ரப்பர் கேஸ்கெட் ஓரம் சுத்தமாகத்தான் இருந்தது, தண்ணீர் அந்த வழியாகப் போகவில்லை. சுவரில் செருகும் பிளக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்குள் புகுந்த தண்ணீர் செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவே ஒயருக்குள் ஏறிப் பெட்டிக்கு வந்திருக்கிறது. ஒயரின் மேல்தோலைச் சீவிப் பார்த்தால் செம்பு கருத்துப் போயிருந்தது, பளபளப்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் போட வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: பிளக்கை வெட்டும்போது உள்ளே மூன்று ஒயருக்கு மேல் இருந்தால் நிறுத்துங்கள். கூடுதலாக இருக்கும் மெல்லிய ஒயர்கள் அனேகமாகப் பிளக்கின் சூட்டை அளக்கும் சென்சாருக்குப் போகிறவை. கடையில் வாங்கும் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் அது இருக்காது. என்னுடையதில் மூன்றுதான் இருந்தது, பிழைத்தேன்.

பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு தப்பியதற்குக் காரணம், தண்ணீர் ஏறும் முன்பே ஈபி-யில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் ஓடும்போது நனைந்தால் செம்புத் தடங்கள் மின்னரிப்பில் சீக்கிரமே கரைந்து போகும். கரண்ட் இல்லாமல் நனைந்தால் சேறும் உப்பும்தான் எதிரி, கழுவினால் போய்விடும். உங்களுடையது சுவிட்ச் ஆன் நிலையில் மூழ்கியிருந்தால் இதைத் தொடர்ந்து படிக்காதீர்கள், புதுசு வாங்குங்கள். திறந்ததும் உள்ளே போர்டை மூடிக் கருப்பு ரெசின் ஊற்றியிருந்தாலும் அதே பதில்தான்.

திறந்த பிறகு கவனிக்க வேண்டியது, பவர் சப்ளை பகுதியில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசி டிசியாக மாறும்போது அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைத்தேன். அப்புறம் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் சேறு போகும்வரை அலசி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்து, ஃபேனுக்கடியில் சில நாள் காயவிட்டேன். அரிசி மூட்டைக்குள் புதைத்து வை என்று சொன்ன சொந்தக்காரர்கள் நிறையப் பேர். உப்பை அரிசி உறிஞ்சாது.

காருக்குப் போகும் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகளான ரிலே இரண்டையும் யோசிக்காமல் மாற்றினேன். மூடியில் சின்ன ஓட்டை உள்ள ரிலேவுக்குள் தண்ணீர் போனால் வெளியே வராது, உள்ளே கான்டாக்ட் அரித்து ஒட்டிக்கொண்டால் கார் நிறுத்தச் சொன்னாலும் கரண்ட் நிற்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ரிலேவையே காட்டி, அதே 12 வோல்ட் காயில், அதே 30 ஆம்பியர் கான்டாக்ட், ஆனால் முழுக்க சீல் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

கன் பக்கம் வேறு கதை. டைப் 2 கன்னில் மேலே இருக்கும் இரண்டு சின்னப் பின்களில் ஒன்று சிபி, மற்றது கன் செருகியிருப்பதைக் காருக்குக் காட்டும் பிபி. சிபி ஒயரைப் பின்னோடு இறுக்கியிருந்த இடத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது இந்த ஒற்றை ஒயரில்தான்: சும்மா இருந்தால் 12 வோல்ட், காரில் செருகினால் 9, கார் கரண்ட் கேட்டால் 6. அந்தப் பச்சைப் பொடி கொஞ்சம் தடை சேர்த்தாலே இந்தக் கணக்கு குழம்பி, சார்ஜ் பாதியில் நின்று நின்று வரும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒயரைப் புதிதாக கிரிம்ப் செய்தேன்.

நேராகக் காரில் மாட்ட மனசு வரவில்லை. ஒரு டையோடு, 2.7 கிலோ ஓம், 1.3 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு சுவிட்ச். கார் போல நடிக்க இவ்வளவு போதும். முதல் ரெசிஸ்டரில் 9 வோல்ட், சுவிட்சைப் போட்டு இரண்டாவதையும் சேர்த்ததும் 6 வோல்ட், உடனே ரிலே டக்கென்றது. அந்த நிலையில் எலக்ட்ரீஷியன் நண்பர், கசிவுக்குக் கட் ஆகிறதா என்று சோதிக்கும் தன் ஆர்சிடி டெஸ்டரை வைத்து 15 மில்லி ஆம்பியர் கசிவு கொடுத்தார், அசையவில்லை. 30 கொடுத்ததும் கட். இது நடக்காமல் இருந்திருந்தால் பெட்டியைக் குப்பையில்தான் போட்டிருப்பேன். டிசி கசிவைச் சோதிக்கும் கருவி எங்களிடம் இல்லை, அதனால் பார்க்கிங் பாயின்ட்டுக்குத் தனியாக, டிசி கசிவுக்கும் கட் ஆகும் டைப் பி ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் போட்டேன். விலை கையைக் கடித்தது, சார்ஜரைச் சரிசெய்ய ஆன மொத்தச் செலவைவிட அதிகம்.

இத்தனை நாளில் குறை என்று பார்த்தால், ஈரமான காலைகளில் ஒன்றிரண்டு முறை கசிவு என்று சிவப்பு காட்டியது. ஒயர் நுழையும் இடத்தில் அடைப்புக்காக நான் போட்ட சிலிகான் விட்டுப் போயிருந்தது, சுரண்டி மறுபடி போட்டதும் நின்றது. 15 ஆம்பியரில் பிளக் சூடாவது பிடிக்காமல் இப்போது 10-க்கு இறக்கிவிட்டேன், 2.3 கிலோவாட்தான் வரும், ராத்திரி முழுக்கப் போடுவதால் எனக்கு அது போதும். ஒருமுறை திறந்த பெட்டிக்கு ஐபி67 எல்லாம் இனி கிடையாது என்பதால் கூரை இல்லாத இடத்தில் எடுப்பதே இல்லை.

தாம்பரத்தில் மாமனார் வீட்டில் மட்டும் செருகியவுடன் எர்த் ஃபால்ட் காட்டுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சார்ஜர் சொல்வது சரிதான், அந்த சாக்கெட்டில் எர்த்தே இல்லை. எர்த் பிட் போட்டுவிடலாம் மாமா என்றால், "முப்பது வருஷமா ஃப்ரிட்ஜ் ஓடுது மாப்ளே, உங்க டப்பாவுக்குத்தான் ஏதோ கோளாறு" என்கிறார்.